ஏசி நின்றுபோன வீட்டில் ஒரு பக், ஒரு பூனை, இரண்டு குருவிகள்

வேலூரில் கத்திரி வெயில் மே முதல் வாரத்தில் தொடங்கிக் கடைசி வாரத்தில் முடியும் என்பது காலண்டர் கணக்கு. சத்துவாச்சாரியில் கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மார்ச் பிற்பாதியிலேயே தலைக்கு மேலுள்ள தளம் காயத் தொடங்கிவிடும். ஊரைச் சுற்றி மொட்டைப் பாறை மலைகள். பகலில் ஏறிய சூடு அவற்றிலிருந்து இறங்க வெகுநேரம் பிடிக்கும். வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே யாருக்கும் புதிதில்லை. இப்படிப்பட்ட ஊரில் பக் நாய் வளர்ப்பவர், ஏசி நின்றுவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை வெயில் காலம் வருவதற்கு முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் சிட்டு நாங்கள் தேடி வாங்கிய நாய் அல்ல. அக்கா மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது எங்களிடம் விட்டுச் சென்றான். 2003-இல் பக் நாயைக் காட்டி வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு இந்தியா முழுவதும் பக் வாங்கும் ஆசை பரவியது. அந்தத் தட்டை முகத்தின் அழகுக்குப் பின்னால் இருக்கும் துன்பத்தை விற்றவர்கள் சொல்லவில்லை. மூக்குத் துவாரம் குறுகல். மண்டை சுருங்கிய அளவுக்கு உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை, அதனால் மூச்சுப் போகும் பாதை பாதி அடைத்தே கிடக்கிறது. 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட இனங்களில் பக்கும் உண்டு, சைபீரியன் ஹஸ்கியும் உண்டு. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சிட்டுவை எந்தக் கொள்கையும் காப்பாற்றாது. அவளை நாங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

சிட்டுவைத் தவிர, தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்த கருப்பி என்ற பூனையும், மகளின் பட்ஜி குருவிகள் இரண்டும் வீட்டில் இருக்கின்றன. கடையில் இந்தக் குருவிகளை லவ் பேர்ட்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

போன மே மாதம் ஒரு பிற்பகலில் படுக்கையறை ஏசியிலிருந்து வெறும் காற்று மட்டும் வரத் தொடங்கியது. வெளியே இருக்கும் யூனிட் உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். போனில் கேட்டதுமே கெப்பாசிட்டர் போயிருக்கும் என்றார் மெக்கானிக். கடும் வெயிலிலும் குறைந்த வோல்டேஜிலும் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் அந்தச் சிறிய பாகம்தான். சில நூறு ரூபாய் வேலை, ஆனால் மறுநாள் மாலைக்கு முன் வர வழியில்லை. அந்த வாரம் ஊர் முழுக்க அவருக்கு அதே வேலை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யாரும் தெம்பாக இருக்க வேண்டாம். சாதாரண இன்வெர்ட்டர் விசிறியையும் விளக்கையும் தாங்கும், ஏசியைத் தாங்காது.

இனி மீதிப் பகலையும், ஓர் இரவையும், மறுநாள் பகலையும் கடக்க வேண்டும். நான் முதலில் செய்தது அறையை மாற்றியதுதான். ஏசி இருக்கும் அறைதான் வீட்டிலேயே நல்ல அறை என்று மனம் பழகிப்போயிருக்கும். ஏசி நின்ற பிறகு பெரும்பாலும் அதுதான் மோசமான அறை. எங்கள் வீட்டில் அதற்கு மேற்குச் சுவர், மேலே வெறும் தளம், ஒரே ஜன்னல். எந்த அறை குளிர்ச்சி என்று தெரிந்துகொள்ளக் கருப்பியைப் பார்த்தேன். குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சின்ன நடையில், கிழக்குச் சுவர் ஓரமாக, நான்கு காலையும் நீட்டி வயிற்றைத் தரையில் அழுத்திக் கிடந்தாள். பூனை இருக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் வைத்து அறை அறையாக அளக்கத் தேவையில்லை. சிட்டுவையும் அங்கேயே கொண்டுவந்தேன். அவளுடைய மெத்தையைக் கொண்டுவரவில்லை. மெத்தை வயிற்றுச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தரைதான் நல்லது.

நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வேறெங்கும் சொல்லிக்கொள்ளும்படி வியர்வை கிடையாது. நாக்கை நீட்டி மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் இருக்கும் ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடம்பு குளிர வேண்டும். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உலர்ந்த ரோமத்தின் மேல் விசிறிக் காற்று பட்டால் நமக்குக் கிடைக்கும் சுகம் நாய்க்குக் கிடைக்காது, ஏனென்றால் அங்கே ஆவியாக ஒன்றும் இல்லை. தோல் நனைந்திருக்க வேண்டும்; நனைந்த தோலின் மேல் காற்று ஓட வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பலன் குறைவு.

ஒரு மக்கில் குழாய்த் தண்ணீர் எடுத்துக் கையால் அள்ளி, சிட்டுவின் அடிவயிறு, தொடை இடுக்கு, முன்னங்கால் இடுக்கு, உள்ளங்கால், காது மடல் எல்லாம் நனைத்தேன். முதுகில் ஊற்றினால் பக் போன்ற குட்டை ரோம நாய்க்கும் மேலாக வழிந்து போய்விடும். ரோமம் குறைந்த அடிப்பக்கத்தில்தான் தண்ணீர் உடனே தோலைத் தொடும். டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து அவள் பக்கம் திருப்பினேன். கடைசி மாடியில் சீலிங் ஃபேனை நம்பக்கூடாது, தளத்தடியில் தேங்கியிருக்கும் சூட்டைத்தான் அது கீழே தள்ளும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை காய்ந்ததும் மறுபடி நனைத்தேன். முதலில் அவள் நாக்கு பக்கவாட்டில் அகன்று, நுனி மேல்நோக்கி மடிந்து, கரண்டி வடிவத்தில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் தாங்கவில்லை என்பதற்கு அந்த அகன்ற நாக்கு நல்ல அடையாளம். மூன்றாம் முறை நனைத்துக்கொண்டிருந்தபோது நாக்கு சிறுத்து உள்ளே போனது, கொர்கொர் என்ற மூச்சுச் சத்தமும் அடங்கியது.

இந்த வழி வேலூரில் இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இங்கே பிற்பகல் காற்று வறண்டிருப்பது. சென்னையில் இருக்கும் தோழியிடம் சொன்னபோது, அங்கே நனைத்த நாய் மணிக்கணக்கில் நனைந்தபடியே இருக்கிறது என்றாள். கடற்கரை ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தப்படும். நாயின் மூச்சிரைப்புக்கும் அதே கதிதான். அங்கே 36 டிகிரியைக் கண்டு அலட்சியமாக இருக்கக்கூடாது. ஏர் கூலரும் அப்படித்தான். வறண்ட ஊரில் உபகாரம். சென்னையில் ஜன்னலை மூடிக்கொண்டு ஓட்டினால் அறையைப் புழுங்க வைக்கும். அங்கே தண்ணீரை அடிக்கடி மாற்றி ஊற்றுவதும், அகலமான தொட்டியில் நாயின் வயிறு முங்கும் அளவு தண்ணீர் விட்டு அதில் நிற்க வைப்பதும், கடல் காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறப்பதும்தான் கைகொடுக்கும்.

நான் தண்ணீரை அள்ளும்போது அம்மா தடுத்தார். "சூடேறிய உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, ஜன்னி வந்துவிடும்" என்றார். நம் வீடுகளில் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. மேல்நாட்டிலும் இதே போன்ற ஒரு நம்பிக்கை வெகுகாலம் இருந்தது: குளிர்ந்த நீர் பட்டால் தோலடி இரத்தக்குழாய் சுருங்கிச் சூடு உள்ளேயே தங்கிவிடும், வெதுவெதுப்பான நீர்தான் ஊற்ற வேண்டும் என்று. லண்டனிலுள்ள ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் அதை மாற்றிக்கொள்ளும்படி தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் நல்லதே. முதலில் குளிர வை, பிறகு தூக்கிக்கொண்டு ஓடு என்பது அவர்கள் வாசகம். எங்கள் கால்நடை மருத்துவரும் அம்மாவிடம் இதையே பொறுமையாகச் சொன்னார். மாடித் தொட்டியிலிருந்து வரும் முதல் தண்ணீரை மட்டும் கை வைத்துப் பாருங்கள். மே மாதப் பிற்பகலில் அது கொதிநீராகவே வரும். அதனால்தான் நடையில் எப்போதும் ஒரு குடம் பிடித்து வைக்கிறோம்.

ஈரத்துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாய் மேல் ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டு உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அதன் பிறகு அது போர்வைதான். கீழே விரிக்கலாம், மேலே போர்த்த வேண்டாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைத்துத் தேய்ப்பதைவிட, பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணியில் சுற்றி அருகே போட்டுவிட்டால், வேண்டியபோது நாயே வந்து சாய்ந்துகொள்ளும். மூச்சிரைக்கும் நாயின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். கிண்ணத்தை அருகில் வைத்தால் தானே நக்கிக் குடிக்கும். பொமரேனியன் போன்ற சடை நாய்க்கு வெயில் காலத்தில் மொட்டை போடுவதும் உதவாது. உள்சடையைச் சீவி எடுத்துவிட்டு, நனைக்கும்போது விரலால் ரோமத்தைப் பிரித்துத் தோல்வரை தண்ணீர் சேர்த்தால் போதும்.

சாப்பாட்டை விடியலிலும் இரவிலும் மட்டும் வைத்தேன். செரிக்கும் வேலையும் உடம்பில் சூடேற்றும். நடுப்பகலில் உப்பில்லாத நீர்மோர் கொஞ்சம், விதையும் தோலும் நீக்கிய தர்பூசணி இரண்டு துண்டு. திராட்சை கூடவே கூடாது, அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அழைப்பு மணியின் சுவிட்சையும் அணைத்தேன். மணி அடித்தால் சிட்டு கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். பக் நாய்க்கு அந்த ஒரு ஓட்டமே மூச்சு முட்டப் போதுமானது.

பகல் இப்படிக் கழிந்தது. பொழுது சாய்ந்தால் கவலை விட்டது என்று நினைப்பதுதான் கான்கிரீட் வீட்டில் ஆபத்து. பகலெல்லாம் தளத்தில் ஏறிய சூடு உட்பக்கம் இறங்கி வரச் சில மணி நேரம் ஆகும். எங்கள் வீட்டில் மிக மோசமான நேரம் பிற்பகல் அல்ல. இரவு ஏழு முதல் பத்து வரை. சுவரில் கை வைத்தால் சுடும். வெயில் தாழ்ந்ததும் மாடியில் பழைய கோணிகளை விரித்து நனைத்தோம்; வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு ஜன்னல்களைத் திறந்து, வலையில் நனைத்த வேட்டியைக் கட்டினோம். அப்படியும் சிட்டுவின் மூச்சு எனக்குத் திருப்தியாக இல்லை. கீழ்வீட்டுப் பாட்டி படியேறி வந்து பார்த்தார். "இந்த அடுப்பில் வாயில்லா ஜீவனை ஏனம்மா வைத்திருக்கிறாய்? கீழே கொண்டுவந்து விடு, சிவப்புத் தரையில் கிடக்கட்டும்" என்றார். அவர் வீட்டுக் கூடத்தில் பழைய காவிச் சிமெண்டுத் தரை. மேலே எங்கள் வீடு இருப்பதால் வெயில் படாத தளம். சிட்டு அங்கே பரப்பிக்கொண்டு படுத்தவள் காலைவரை எழவில்லை. கீழ்த்தளத்தில் தெரிந்தவர் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை ஐஸ் பாட்டில் வைத்தாலும் அந்தத் தரைக்கு ஈடாகாது.

பூனை விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே இடம் பார்த்துக்கொள்ளும், ரோமத்தை நக்கி நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பூனை நாயைப் போல வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. உடம்பு சுடுகிறதே என்று பாரசிட்டமால் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். நாய்க்கும் நாமாகக் கொடுக்கக்கூடாது. வெயிலால் ஏறிய சூட்டை எந்தக் காய்ச்சல் மருந்தும் இறக்காது.

குருவிகள் பால்கனியில் இருந்தன. அலகைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவற்றுக்குச் சூடு தாங்கவில்லை என்று பொருள். கூண்டை உள்ளே எடுத்து, ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணி தொங்கவிட்டு, மற்ற பக்கங்களைத் திறந்து வைத்தோம். துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் ஸ்பிரேயரால் மெல்லிய தூறலாக அடித்தால் அவை குதித்துக் குதித்து நனையும். குளிர்ச்சியாக இருக்கிறதென்று கூண்டைச் சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை சின்னப் பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

காட்பாடியில் சித்தி வீட்டில் முயல் இருக்கிறது. முயலுக்கு வியர்வையும் இல்லை, நாயைப் போல மூச்சிரைத்துச் சமாளிக்கும் திறமும் இல்லை; காதுகள் வழியாகத்தான் பெருமளவு சூட்டை வெளியேற்றுகிறது. காது மடலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைக்கச் சொன்னேன். முயலைக் குளிப்பாட்டக்கூடாது, அந்த அதிர்ச்சியே அதற்கு ஆகாது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள், தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும் என்பதை மறக்க வேண்டாம். மின்தடையில் முதலில் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டியது ஏர் பம்ப்பைத்தான்.

இவ்வளவும் வெயில் தாக்காமல் தடுக்கும் வழி. தாக்கிவிட்டால் என்ன என்பதை எதிர்வீட்டு அண்ணனின் கிழட்டு லாப்ரடாரிடம் மறுநாளே பார்க்க நேர்ந்தது. "தங்கச்சி, நாய் நிற்க முடியாமல் சாய்கிறது" என்று பதறிக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தால் கெட்டியான எச்சில் கயிறாகத் தொங்குகிறது, ஈறு செங்கல் நிறம், கூப்பிட்டால் பார்வை திரும்பவில்லை. ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 106 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நாய்க்கு இயல்பு 101 முதல் 102.5 வரை, 104-ஐத் தாண்டினாலே அபாயம். அவர் ஆட்டோவைக் கூப்பிடத் திரும்பினார். ஆட்டோ வரட்டும், அதற்குள் தண்ணீர் ஊற்றுவோம் என்றேன். குளியலறைத் தரையில் கிடத்தி, தலையை உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து வால்வரை மக்கு மக்காக ஊற்றினோம். அவர் மகன் பெடஸ்டல் ஃபேனை வாசலில் நிறுத்தினான். வயதான நாய், நோயுள்ள நாய் என்றால் தொட்டியில் முக்குவதைவிட ஊற்றி விசிறுவது பத்திரம். அளவு 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். அதற்கு மேலும் ஊற்றினால் சூடு இயல்புக்கும் கீழே இறங்கிவிடும். போகும் வழியில் ஆட்டோவின் இரு பக்கத் திரையையும் தூக்கிக் கட்டச் சொன்னேன்.

மருத்துவர் டிரிப் ஏற்றி, இரத்தப் பரிசோதனை செய்து, அன்றிரவு அங்கேயே வைத்துக்கொண்டார். நாய் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டது, இனி பயமில்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது தவறு என்றார். வெயில் தாக்கினால் சிறுநீரகம், குடல், இரத்தம் உறையும் தன்மை எல்லாம் பாதிக்கப்படும். அந்தச் சேதம் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். லாப்ரடார் பிழைத்துக்கொண்டது.

இப்போது ஏப்ரல் பிறப்பதற்குள் சில வேலைகளை முடித்துவிடுகிறோம். ஏசி சர்வீஸ், அதோடு கெப்பாசிட்டரையும் சோதிக்கச் சொல்வது. மாடித்தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. அடித்த அன்று மாலையே உள்ளே வித்தியாசம் தெரியும், இதற்கு ஆகும் செலவு ஒரு மாத மின்கட்டணத்துக்கும் குறைவு. நாய்க்கென்று தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர், நனையாத இடத்தில். ஃப்ரீசரில் நான்கு பாட்டில். சார்ஜ் செய்யும் டேபிள் ஃபேன் ஒன்று, இரவில் மின்சாரமும் போனால் தேவைப்படும். சிட்டுவின் எடையையும் மருத்துவர் சொன்னபடி இறக்கினோம். பருத்த பக் நாய்க்கு எந்த விசிறியும் போதாது. காலை ஆறரைக்குப் பிறகு நடை கிடையாது, மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துத் தாங்கினால்தான் அவளை இறக்குவேன்.

ஒரு போன் செய்யும் வேலை பாக்கியிருக்கும், அதை மே வருவதற்குள் செய்துவிடுங்கள். உங்கள் கால்நடை மருத்துவர் ஞாயிற்றுக்கிழமையும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் பார்ப்பாரா, இல்லையென்றால் யாரிடம் போக வேண்டும் என்று கேட்டு, அந்த எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.